நிற்கத் தெரிந்த சக்கரம்

சின்சில்லாவுக்கு ஓட்டச் சக்கரம் கேட்டு வருகிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். விளிம்பை விரலால் தட்டிவிட்டு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். சத்தமில்லாமல் ஒரு நிமிடம் சுற்றிவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "செம ஸ்மூத்தா இருக்குண்ணா" என்பார்கள். அந்த இடத்தில்தான் நான் குறுக்கே பேசுவேன். வெறும் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அதற்குள் அரைக் கிலோ எடையுள்ள ஓர் உயிர் ஓடப்போகிறது. நாலு தாவு தாவிவிட்டுச் சட்டென்று நிற்கும், காதைத் தூக்கிக் கேட்கும், மறுபடி ஓடும், திடீரென்று பக்கவாட்டில் வெளியே குதிக்கும். அது நிற்கும்போது கூடவே நிற்கிற சக்கரம்தான் எனக்கு நல்ல சக்கரம்.

பெங்களூர் பீன்யாவில் தகடு வேலைப் பட்டறை எங்களுடையது. பிழைப்பு கன்ட்ரோல் பேனல் பெட்டியிலும் மெஷின் கவரிலும் ஓடுகிறது. சின்சில்லா சக்கரம் சனிக்கிழமை மாலை வேலை. இந்த ஊரில் சின்சில்லா வளர்ப்பவர்கள் குறைவுதான், ஆனாலும் ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள். என் வீட்டிலும் ஒரு ஜோடி இருப்பதால், செய்கிற ஒவ்வொரு சக்கரமும் எப்படி ஓடும் என்று கண்ணெதிரே பார்க்க வழியிருக்கிறது.

அறியாதவர்களுக்காக: சின்சில்லா தென் அமெரிக்காவின் கொறிவிலங்கு. எலியைவிடப் பெரியது, முயலைவிடச் சிறியது. வளர்ந்த விலங்கு 400 முதல் 600 கிராம் வரை இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் தாண்டி வாழும், இருபதைத் தொட்டவையும் உண்டு. ரோமத்துக்காக வேட்டையாடியே காட்டில் இதைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டார்கள். சிலி நாட்டில் இல்லபெல் ஊருக்குப் பக்கத்து மலைகளில் மிச்சம் இருந்தவற்றைக் காக்க 1983-ல் தனியாக ஒரு காப்பகமே அமைத்தார்கள். அதற்கு அறுபது வருடம் முன்பு, 1923-ல், மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் 11 சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டுபோனார். ரோமப் பண்ணைக்குத்தான் கொண்டுபோனார் என்பது வருத்தமான சேதி. இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தின் வழிவந்தவை.

சக்கரம் செய்கிறவன் அந்த விலங்கின் பின்காலைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்கால்கள் குட்டை, உணவை எடுத்துப் பிடித்துச் சாப்பிடத்தான் அதிகம் உதவும். பின்கால் நீளம், முழுக்கத் தாவுவதற்கென்றே அமைந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பு தொடை எலும்பைவிட நீளமானது, மெல்லியது, மேலே சதைப்பற்றும் குறைவு. கம்பிக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு விலங்கு திமிறினால் முறிவது இந்த எலும்புதான். விலங்கு மருத்துவர்கள் சின்சில்லாவிடம் அடிக்கடி பார்க்கும் எலும்பு முறிவும் இதுவே. கம்பிச் சக்கரத்தையும் ஏணிப்படி போல் குறுக்குக் கம்பி வைத்த சக்கரத்தையும் யார் கேட்டாலும் நான் செய்து தராததற்குக் காரணம் அந்த ஒற்றை எலும்பு. ஓடுதளம் முழுத் தகடாக இருக்க வேண்டும். திறந்த பக்கத்தில் குறுக்கே எந்தச் சட்டமும் வரக் கூடாது. சக்கரத்தைப் பின்பக்கம் மட்டும் தாங்கினால், முன்பக்கம் கதவில்லாத வாசல் மாதிரி முழுதும் திறந்தே இருக்கும்.

அடுத்து விட்டம். 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர், குறைந்தபட்சம் என்று வளர்ப்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பேர் வாங்கிய 'சின் ஸ்பின்' உலோகச் சக்கரமும் அந்த அளவுதான். ஏன் அந்த அளவு என்பதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் விளங்கும். ஓடும் விலங்கின் முன்கால் பதியும் இடத்துக்கும் பின்கால் பதியும் இடத்துக்கும் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால், கோட்டுக்கும் கீழே வளைந்து போகும் தகட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். 30 சென்டிமீட்டர் சக்கரத்தில் அந்தப் பள்ளம் 3.8 சென்டிமீட்டர். 38-ல் 2.8 ஆகிவிடுகிறது. 45-க்குப் போனால் 2.3. பள்ளம் ஆழமாக ஆக, முதுகு உள்வாங்கும், தலை பின்னோக்கித் தூக்கும், வால் முதுகோடு மடியும். ராத்திரி முழுக்க அப்படி வளைந்தபடி ஓடுகிற முதுகெலும்பை நினைத்துப் பாருங்கள்.

30-லிருந்து 38-க்கு வந்தால் ஒரு முழு சென்டிமீட்டர் லாபம். அதற்கு மேல் 45-க்குப் போனால் அரை சென்டிமீட்டர்தான் லாபம், ஆனால் எடை கூடுகிறது, கூண்டும் பெரிதாக வேண்டும். ஆகவே 38-லிருந்து 40 வரை என் அளவு. 600 கிராமைத் தாண்டிய பெரிய உடம்புக்கு மட்டும் 45 போடுவேன். அகலம் 15 சென்டிமீட்டர். அதைவிட ஒடுங்கினால் பின்கால்களை அகட்டித் தாவ இடம் போதாது.

விட்டத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எடையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. என் கணக்கில் எடைதான் பெரிய விஷயம்.

சக்கரத்தை ஓட வைக்க விலங்கு தன் உடம்பை மட்டும் உந்தினால் போதாது, சக்கரத்தையும் சேர்த்து உந்த வேண்டும். விளிம்புத் தகட்டின் எடை முழுதும் அதன் கால்மேல் வந்து விழுகிறது. பின்தட்டின் எடையில் பாதி விழுகிறது. 38 விட்டம், 15 அகலத்தில் 20 கேஜ் ஸ்டீலில் சக்கரம் அடித்தால் இந்தக் கணக்கில் சுமார் 1.7 கிலோ வரும். அரைக் கிலோ விலங்கு தன்னைப்போல் மூன்றரை மடங்கைத் தள்ளித்தான் முதல் அடி எடுத்துவைக்க வேண்டும். சுற்ற ஆரம்பித்துவிட்டாலோ நிலைமை தலைகீழ். விலங்கு நின்றாலும் சக்கரம் நிற்காது. உள்ளே இருப்பதைப் பின்பக்கமாக மேலே தூக்கிக்கொண்டுபோய்ப் புரட்டிவிடும். வெளியே குதித்தாலும், இன்னும் சுழல்கிற விளிம்பு அடுத்ததாக ஏற வருகிற ஜோடி விலங்கின் முன்காலையோ முகத்தையோ தட்டும். இதே அளவை 18 கேஜ் அலுமினியத்தில் செய்தால் எண்ணூறு கிராமுக்குள் முடிந்துவிடுகிறது. விலங்கின் எடையில் ஒன்றரை மடங்கு. இப்போது பிடி விலங்கின் கையில். கீழே நின்றதும் அதன் சொந்த எடையே சக்கரத்துக்கு பிரேக் ஆகிவிடும். இரண்டு ஊசலில் அடங்கிவிடும்.

18 கேஜ் மெலிசுதான். விளிம்பை அப்படியே விட்டால் நெளியும், கத்தி மாதிரியும் இருக்கும். அதனால் ஓரத்தை ஒரு விரல்கடை வெளிப்பக்கமாக மடித்து அழுத்திவிடுவோம். விறைப்பும் வந்துவிடும், காலுக்கு உருண்டையான ஓரமும் கிடைக்கும். உலோகக் கலவையில் 5052 வாங்குங்கள். கடையில் 6061 தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது பெண்டிங்கில் வெடிக்கும். மடித்த ஓரத்தில் ஒரு விரிசல் இருந்தாலும் அதுவே பிளேடு.

இனி பேரிங். விரலால் தட்டினால் ஒரு நிமிடம் சுற்றும் சக்கரத்தில் பெரும்பாலும் உலோக மூடி போட்ட ZZ ரகம்தான் இருக்கும். அந்த மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. மற்ற மெஷினுக்கு அது ஒரு பொருட்டில்லை. சின்சில்லா குளிப்பது தண்ணீரில் அல்ல, மாவு போன்ற நுண்ணிய எரிமலைத் துகளில். தினமும் அதில் புரண்டு எழுந்து, உதறி, அந்தத் தூளோடு சக்கரத்தில் ஏறும். ரோமமும் சாதாரணமானதல்ல: மனிதருக்கு ஒன்றிரண்டு மயிர் முளைக்கும் குழியில் இதற்கு ஐம்பதுக்கு மேல் முளைக்கிறது. (அந்த அடர்த்திதான் அதற்கு எமனாகவும் ஆனது. 2017 தொடக்கத்தில் இந்திய அரசு மிங்க், நரி ரோமத்தோடு சின்சில்லா ரோமத்தின் இறக்குமதியையும் தடை செய்தது. செய்யவேண்டிய காரியம்.) தூளும் உதிர்ந்த மயிரும் சேர்ந்து கிரீஸில் ஒட்டினால் சில மாதத்தில் பேரிங் கரகரக்கும். அதனால் இருபக்கமும் ரப்பர் சீல் போட்ட 6001-2RS-தான் நான் போடுவது. 12 மில்லிமீட்டர் ஷாஃப்ட், இரண்டு பேரிங், நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. எஸ்.ஜே.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒற்றை பேரிங்கில் தொங்கவிட்ட சக்கரம் சீக்கிரமே தலை தொங்கிப்போகும்.

ரப்பர் சீல் லேசாக உரசும். தட்டிவிட்டால் சில சுற்றில் நின்றுவிடும். அதைப் பார்த்து "டைட்டா இருக்கே" என்று முகம் சுளிப்பவர்களிடம், ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பேரிங்கை மாற்றித் தருகிறேன் என்று சொல்வேன். யாரும் திரும்பிக் கேட்டதில்லை. தூளும் மயிரும் அண்டாமல் இருக்கப் போட்ட அந்த சீலே, சக்கரம் சீக்கிரம் நிற்பதற்கும் உதவுகிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ராத்திரி சத்தத்துக்கு எல்லோரும் பேரிங்கைத்தான் திட்டுகிறார்கள். அபார்ட்மென்டில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவதற்குப் பாதிக்கு மேல் காரணம் கூண்டின் கம்பிவலை. சக்கரத்தை நேரே வலையில் முடுக்கினால், அந்த வலை அத்தனை அதிர்வையும் வாங்கிப் பெரிதாக்கி ஒலிக்கும். வலைக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை அகலத்தில் கனமான தகட்டை வைத்து, நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்து முடுக்கினால் சத்தம் அடங்கும். சக்கரத்தின் ஆட்டமும் போய்விடும். விளிம்பில் அரை நூலுக்கு மேல் ஆட்டம் தெரிந்தால் அந்தச் சக்கரத்தை நான் வெளியே அனுப்புவதில்லை.

தகட்டை வட்டமாக ரோல் பண்ணினால் இரு முனையும் சேரும் இடம் ஒன்று வரும். வேலை எளிதென்று அங்கே ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி ரிவெட் அடித்துவிடுவார்கள். அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உயரமுள்ள படி. 38 சென்டிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு ஒன்றே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு ராத்திரி ஓட்டத்தில் அந்தப் படி எத்தனை தரம் மென்மையான பாதத்தின் அடியில் வந்துபோகும்! சின்சில்லாவின் உள்ளங்கால் ரோமமில்லாத மெத்து மெத்தான தோல். ஓயாமல் ஒரே இடத்தில் உரசினால் தடிக்கும், வெடிக்கும், புண்ணாகும். ஆற மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே முனையோடு முனை சேர்த்து ஆர்கான் வெல்டிங், பிறகு உள்ளே தேய்த்துச் சமன்.

சமனாகிவிட்டதா என்று கண்ணாலும் கையாலும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பட்டறைக் கை காய்த்துப்போனது, சின்னப் பிசிரெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு பிடி பஞ்சை எடுத்துச் சக்கரத்தின் உள்சுற்று முழுக்க, பின்தட்டும் விளிம்பும் சேரும் மூலை வழியாக, மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். எங்கே ஒரு இழை சிக்கி நிற்கிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. அந்த இடத்தில் மார்க்கர் வைத்து, எமரி போட்டு, மறுபடி பஞ்சு. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நான் இப்படிச் செய்வதைப் பார்த்து, "பேனல் பெட்டிக்குக்கூட இவ்ளோ பாக்கலியேண்ணா" என்றான். பேனல் பெட்டிக்குள் யாரும் வெறுங்காலில் ஓடுவதில்லையே என்றேன். இப்போது பஞ்சுச் சோதனை அவன் வேலை. என்னைவிடக் கறாராகப் பார்க்கிறான்.

பச்சை அலுமினியத்தை அப்படியே விட்டால் சாம்பல் நிறக் கறை பாதத்திலும் ரோமத்திலும் ஒட்டும். பெயின்ட் கூடாது, கால்வனைஸ் தகடும் கூடாது. இதன் பற்கள் ஆயுள் முழுக்க வளர்கிற பற்கள், கிடைத்ததையெல்லாம் கொறித்துக்கொண்டேதான் இருக்கும். பூச்சு வயிற்றுக்குள் போகும், துத்தநாகம் விஷம். உள்தளத்தை ஸ்காட்ச் பிரைட்டால் ஓட்டத்துக்குக் குறுக்காகத் தேய்த்துச் சொரசொரப்பு கொடுத்து, நிறமில்லாத அனோடைஸிங் பண்ணிவிட்டால் கறையும் போகும், வழுக்கலும் குறையும். பிளாஸ்டிக் சக்கரம் கொறித்தே தீர்ந்துபோகும், தின்ற துண்டு குடலில் அடைக்கும். ஆன்லைனில் சாய்ந்த தட்டு மாதிரி வரும் சக்கரத்தில் விலங்கு எப்போதும் ஒரு பக்கமாக வளைந்தே ஓட வேண்டியிருப்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. முழுக்க மூடிய பிளாஸ்டிக் பந்தைப் பற்றிப் பேசவே மனம் வரவில்லை. காற்றில்லாத கூட்டுக்குள் கம்பளியோடு அடைத்துச் சூட்டில் ஓடவிடுகிற கொடுமை அது.

சூடு என்றதும் பெங்களூர் விஷயத்துக்கு வருகிறேன். 900 மீட்டர் உயரத்து ஊர், வருடத்தில் பாதி நாள் ஸ்வெட்டர் போடுகிற ஊர் என்று நம்பித்தான் இங்கே பலர் சின்சில்லா வாங்குகிறார்கள். அதற்குச் சுகமான வெப்பம் 15-லிருந்து 21 டிகிரி. 25 தாண்டினாலே கவனிக்க வேண்டும். வியர்த்துச் சூட்டை இறக்க அதற்கு வழியில்லை, காது வழியாகத்தான் கொஞ்சம் இறங்கும். 2016 ஏப்ரல் 24 அன்று இதே ஊரில் 39.2 டிகிரி பதிவானது. மார்ச் முதல் மே வரை இங்கே ஏசி இல்லாமல் சின்சில்லா வளர்ப்பது அதன் உயிரோடு விளையாடுவது. கரன்ட் போகும் ஊரில் ஏசியை மட்டும் நம்பவும் முடியாது. ஓடும் உடம்பு தானாகவே சூட்டை உண்டாக்கும். விலங்குக்கு நிறுத்தத் தோன்றாமல் போகலாம். அதனால் நான் செய்யும் ஒவ்வொரு சக்கரத்தின் பின்தட்டிலும் ஒரு துளை உண்டு, தாங்கும் தகட்டிலும் அதற்கு நேரே ஒரு துளை. கூண்டுக்கு வெளியிலிருந்து ஒரு பின்னைச் சொருகினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அறையில் வெப்பமானி 25-ஐக் காட்டினால் பின்னைச் சொருகிவிடுங்கள் என்று சொல்லித்தான் கையில் கொடுப்பேன். பூட்டிய சக்கரத்துக்குள்ளேயே குளுகுளுவென்ற அலுமினியத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஜிகினி பக்கம் கிரானைட் ஆலைகளில் வெட்டிப்போட்ட துண்டு மலிவாகக் கிடைக்கும். ஓரத்தை மழுக்கி ஒன்றைக் கூண்டில் போட்டால் படுக்க இன்னும் வசதி.

கூண்டில் அடைத்துவிட்டுச் சக்கரம் கொடுப்பது பாவமில்லையா என்று ஒருமுறை வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் யோஹானா மெய்யரும் யூரி ராபர்ஸும், அடைபடாத விலங்கும் சக்கரத்தில் ஓடுமா என்று சோதித்தார்கள். 2009-ல் தொடங்கித் திறந்தவெளியில் சக்கரங்களையும் கேமராவையும் வைத்தார்கள். கட்டாயம் எதுவும் இல்லை, வேண்டுமானால் ஏறலாம், இல்லாவிட்டால் போகலாம். காட்டு எலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. தவளை ஏறியது, ஓடில்லாத நத்தைகூட ஏறியது. 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அடைபட்ட வேதனையில் மட்டும் விலங்கு சக்கரம் சுற்றுவதில்லை என்று எனக்கு அதில் தெளிவு வந்தது. ஆனால் அதைக் காட்டிச் சின்னக் கூண்டுக்குச் சமாதானம் சொல்லக் கூடாது. தாவி ஏறத் தட்டுகளும் தினமும் அறையில் அவிழ்த்துவிடும் நேரமும் இருந்து, அவற்றோடு சேர்ந்ததுதான் சக்கரம்.

மாட்டும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அடிக்கும் கூண்டின் தளத்துக்கும் நடுவே வால் நுழையாத அளவுக்கு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் முழு உடம்பும் தாராளமாகக் கடந்துபோகும் உயரத்தில் வையுங்கள். நடுத்தர இடைவெளியில் தலையைக் கொடுத்துவிட்டு எடுக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினையாக இருக்கும் பெண்ணுக்கும் பின் சொருகியே இருக்கட்டும். மற்றவற்றுக்கு ஆரம்பத்தில் ராத்திரியில் ஒரு மணி நேரம் போதும். பாதங்களைத் தினமும் திருப்பிப் பாருங்கள், சிவந்திருந்தால் நாலு நாள் நிறுத்துங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். சில விலங்குகள் சக்கரத்தின்மேல் பைத்தியமாகிச் சாப்பாட்டை மறந்து ஓடும். எடை தொடர்ந்து இறங்கினால் சக்கர நேரத்தைப் பாதியாக்கி, உலர்ந்த புல்லைத் தின்கிறதா என்று பாருங்கள். அப்படியும் எடை ஏறாவிட்டால் பல்லைப் பார்க்கத் தெரிந்த விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடைவாய்ப் பல் நீண்டு நாக்கில் குத்தினாலும் இதே மாதிரிதான் எடை இறங்கும்.